வரதனுக்கு நாங்கள் வெளியிட்ட அஞ்சலி மலர்

என் வாழ்நாளில் நான் ஒரே ஓர் ஆளைத்தான் கொன்றிருக்கிறேன். கத்தி, கட்டாரி எதுவும் இல்லை. பதினான்கு பக்கம், கறுப்பு மசி, தலைப்புகளுக்கு மட்டும் சிவப்பு. செத்தவர் அதற்குப் பிறகு வேலைக்குப் போனார், கல்யாணம் செய்துகொண்டார், என் வீட்டுக்கு வந்து என் எதிரிலேயே உட்கார்ந்து, தன்னை நான் எப்படிக் கொன்றேன் என்று என் பிள்ளைகளுக்குக் கதையும் சொன்னார். எல்லோரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். ஆனால் அந்தக் காரியத்தில் நிஜமாகவே பாழாய்ப் போனது ஒன்று உண்டு. அதை அவர் சொல்ல மாட்டார். ஆகவே நான் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஐம்பதுகளின் நடுவில் எனக்கு இருபது வயது. பூர்வீகம் பழவேற்காடு. அத்தாவுக்குப் பொன்னேரிக் கடைத்தெருவில் ஜவுளிக்கடை. கடையில் நான் துணி கிழித்துக் கொடுப்பதாகப் பெயர். உண்மையில் நான் பத்திராதிபர். ‘ஆரணி அலை’ என்ற கையெழுத்துப் பத்திரிகையின் நிறுவனர், ஆசிரியர், சிறுகதை, தொடர்கதை, தலையங்கம் எல்லாம் அடியேன்தான். (ஊரை ஒட்டி ஓடும் ஆரணியாற்றில் வருஷத்துக்கு மூன்று மாசம்தான் தண்ணீர். அலையை நாங்களே கற்பனை செய்துகொண்டோம்.)

கையெழுத்துப் பத்திரிகை என்றால் ஒரே பிரதி. அச்சு கிடையாது. மாசம் முழுக்க எழுதி, படம் வரைந்து, நூல் கோத்துத் தைத்து, ஜவுளி சுற்றி வரும் அட்டையை மேலே ஒட்டினால் இதழ் தயார். முதல் பக்கத்தில் வாசகர்கள் பெயர் வரிசையாக இருக்கும். ஒரு வீட்டில் ஒரு நாள்தான். படித்து முடித்தவர் தன் பெயருக்கு நேரே கையெழுத்துப் போட்டு, கடைசியில் விட்டிருக்கும் வெற்றுப் பக்கங்களில் அபிப்பிராயம் எழுதி, அடுத்த வீட்டில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். கையெழுத்துப் போடாமல் இதழ் நகரக் கூடாது. இது சட்டம். இயற்றியவன் நான்.

முழு இதழையும் ஒரே கையில் எழுதியவன் நாகப்பன். அரிசி மில்லில் மூட்டைகளுக்கு மார்க் எழுதும் வேலை அவனுக்கு. சாக்கில் எழுதிப் பழகிய கை. காகிதத்திலும் எழுத்து பெரிது பெரிதாகத்தான் விழும். என் கதைகள் நீளமானவை என்று பெயர் எடுத்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

திருவள்ளூரில் எங்களைப் போலவே இன்னொரு கூட்டம், தங்கள் ஊரின் பழம்பெயரை வைத்து, ‘எவ்வுள்’ என்று ஒரு பத்திரிகை நடத்தி வந்தது. அவர்கள் இதழ் எங்களுக்கும் எங்கள் இதழ் அவர்களுக்கும் மாசாமாசம் போய்வரும். எங்கள் ஊர்க் கோதண்டம் பட்டணத்தில் ரயில்வே ஒர்க்ஷாப்பில் வேலை பார்த்தான். அங்கே திருவள்ளூர்க்காரர் ஒருவரிடம் இதழை மாற்றிக்கொண்டு வருவான். ‘எவ்வுள்’ ஆசிரியர்தான் வரதன். பெருமாள் கோயில் மடப்பள்ளியில் கைங்கரியம் செய்யும் குடும்பம். என்னைவிட நாலு வயது பெரியவர்.

அவருடைய அபிப்பிராயங்களைப் படித்துவிட்டு நான் சாப்பிடாமல் படுத்த நாட்கள் உண்டு. என் சிறுகதை ஒன்றின் கீழே எழுதினார்: ‘கதாநாயகி ஐந்தாம் பக்கத்தில் மயங்கி விழுகிறாள். நான் மூன்றாம் பக்கத்திலேயே விழுந்துவிட்டேன்.’ ஊர் முழுக்கக் கைமாறும் இதழில் இதை எழுதினால் என் நிலைமை என்ன? போஸ்ட் மாஸ்டர் என்னைப் பார்க்கும்போதெல்லாம், “இன்னா தம்பி, அந்தப் பொண்ணு எய்ந்துச்சா?” என்று கேட்பார். வரதனை எனக்குக் கட்டோடு பிடிக்காது. ஆனால் ஒரு கதையை எழுதி முடித்தால் அவர் என்ன சொல்வாரோ என்றுதான் முதலில் தோன்றும்.

ஆவணி மாசம் அவரிடமிருந்து ஒட்டிய கவர் ஒன்று வந்தது. ‘எனக்குக் காசம். தாம்பரம் பக்கத்தில் ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். எங்கள் ஆத்தில் எல்லோரிடமும் பம்பாயில் வேலை கிடைத்துப் போயிருக்கிறேன் என்று சொல்லி வைத்திருக்கிறது. தங்கை கோதைக்கு வரன் பார்க்கிறார்கள். இந்த வியாதி இருக்கிற வீட்டில் யாரும் பெண் எடுக்க மாட்டார்கள். மூச்சு விடாதே. இதழை மட்டும் தவறாமல் அனுப்பு. இங்கே படிக்க ஒன்றுமில்லை, உன் கதையைக்கூடப் படிக்கலாம் என்று தோன்றுகிறது.’

அன்றிலிருந்து வாசகர் வரிசையில் கடைசிப் பெயர் வரதன். கோதண்டம் லீவு நாளில் ஆஸ்பத்திரிக்குப் போய்க் கொடுப்பான், அடுத்த வாரம் வாங்கி வருவான். வந்த இதழை நாகப்பன் மூன்று நாள் மில் களத்தில் வெயிலில் காயவைத்து, கற்பூரம் காட்டி, அதற்குப் பிறகுதான் தொடுவான். அங்கிருந்தும் அவர் விடவில்லை. பக்கம் பக்கமாகத் திட்டி எழுதினார். இருமலுக்கு நடுவில் எப்படித்தான் அவ்வளவு எழுதினாரோ.

மார்கழி நடுவில் வந்த இதழில் ஒன்றுமே இல்லை. அபிப்பிராயம் இல்லை. கையெழுத்தும் இல்லை. அவர் பெயருக்கு நேரே இடம் வெறுமையாக இருந்தது.

கோதண்டம் சொன்னான்: “நா போயி பாத்தன் பாய். அந்தக் கட்டில்ல வேற ஒரு பெரியவரு பட்த்துகினு கீறாரு. அவராண்ட கேட்டா, முன்னால இருந்த புள்ளய வியாயக்கெயம ஸ்ட்ரெச்சர்ல வெச்சி இட்டுகினு போனாங்க, திரும்பி வர்லன்றாரு. புக்கு கட்டிலுக்குக் கீய கெடந்துச்சு. எத்துகினு வந்துட்டன்.”

“நர்ஸம்மா யாரயாச்சும் கேட்டியா?” என்றான் நாகப்பன்.

“கேக்கறதுக்கு எனுக்கு மனசு வர்ல.”

நான் அந்த வெற்று இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். படித்துவிட்டுக் கையெழுத்துப் போடாமல் விடுகிற ஆளில்லை வரதன். சட்டத்தை மதிக்கிறவர். எனக்கு அழுகை வந்தது. நிஜமாகவே அழுதேன், அதில் சந்தேகம் வேண்டாம். அழுது முடிப்பதற்குள்ளேயே அஞ்சலிக் கட்டுரையின் முதல் வரியும் வந்துவிட்டது. அதுதான் என் வியாதி. அதற்கு எந்த ஆஸ்பத்திரியிலும் கட்டில் இல்லை.

நாகப்பன் ஒருவன்தான் தயங்கினான். “எதுக்கும் திருவள்ளூருக்கு ஒரு கார்டு போட்டுக் கேட்டுகினு எய்தலாமே சலீமு.”

“இன்னான்னு கேப்பே? உங்க பையன் செத்துட்டானா இல்லையான்னா? செத்த ஊட்டுக்கு அப்படியா கார்டு போடுவாங்க?”

எனக்கு என் சாமர்த்தியத்தில் ஒரே பெருமை.

தை இதழ் பொங்கல் மலராக முக்கால்வாசி தயாராகியிருந்தது. ஒரே அட்டை, கிழித்துப் போட மனமில்லை. நாகப்பன் இரண்டு பக்கமும் நின்ற கரும்புகளைக் கறுப்பு மசியால் பூசிக் குத்துவிளக்காக்கினான். பொங்கி வழியும் பானையைச் சுடராக்க எவ்வளவோ முயன்றான். அது கடைசிவரை சோறு பொங்குகிற மாதிரியேதான் இருந்தது. அதன் மேல் ‘வரதன் அஞ்சலி மலர்’ என்று சிவப்பில் எழுதினோம்.

பதினான்கு பக்கக் கட்டுரை. வரதன் என்னை எப்படி மதித்தார், என் எழுத்தைச் செதுக்கியது எப்படி, அவர் இல்லாமல் நான் என்ன ஆவேன் என்றெல்லாம் விவரமாக எழுதினேன். வரதனைப் பற்றியும் ஆங்காங்கே இருந்தது. கடைசி நாலு பக்கம் காசநோய்க்கு. ‘அந்தணர் குலக்கொழுந்தைக் காசம் என்னும் அரக்கன் நுரையீரலில் புகுந்து அரித்துத் தின்ற நான்கு மாதங்கள்’ என்று ஒரு பத்தி. சொல்லாதே என்று கேட்டுக்கொண்ட விஷயம் ஆயிற்றே என்று நாகப்பன் இழுத்தான். ஆளே போன பிறகு ரகசியம் யாருக்கு என்று கேட்டேன். தங்கை என்று ஒரு பெண் இருப்பது என் நினைவிலேயே இல்லை. எனக்கு வேண்டியது ஒரு நல்ல வில்லன்.

பொன்னேரி கண்ணீர் விட்டது. வரதனைக் கண்ணால் பார்த்திராதவர்கள் எல்லாம் அபிப்பிராயப் பக்கங்களில் புலம்பித் தள்ளினார்கள். ‘அந்தக் கதாநாயகியை எழுப்பாமலே போய்விட்டீரே’ என்று போஸ்ட் மாஸ்டர்கூட எழுதினார். எல்லா வீடும் சுற்றி முடிய இருபத்தைந்து நாளாயிற்று. அதற்குப் பிறகு, இதை அவருடைய தாய் தகப்பனார் கையில் நானே கொண்டுபோய்க் கொடுப்பது என்று தீர்மானித்தேன். யாரும் என்னைக் கேட்கவில்லை. நானாகத்தான் போனேன்.

காலை ரயிலில் பேசின் பிரிட்ஜ் வரை போய், அங்கே அரக்கோணம் வண்டிக்கு மாறினேன். மடியில் அஞ்சலி மலர். அந்த வீட்டில் போய்ப் பேச வேண்டியதை மனப்பாடம் செய்துகொண்டே போனேன். செவ்வாப்பேட்டையில் ஏறிய கறிகாய்க்கார அம்மாள் என் உதடு அசைவதைப் பார்த்துவிட்டு, “இன்னா நைனா, ஒடம்பு சொகமில்லியா?” என்று தண்ணீர்ச் செம்பை நீட்டினாள். அந்த அளவுக்கு என் முகத்தில் துக்கம் பொருந்தி வந்திருந்தது.

தெருவை விசாரித்துப் போய்ச் சேர்ந்தபோது மணி பத்து இருக்கும். வாசலில் நிறையச் செருப்புகள். உள்ளேயிருந்து சமையல் வாசனை. கூடத்தில் பாய் விரித்துப் பத்துப் பதினைந்து ஆண்கள், நாமம் தரித்து, யாரும் அதிகம் பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள். எனக்கு அந்த வீட்டு வழக்கம் எதுவும் தெரியாது. எங்கள் வீடுகளில் நாற்பதாம் நாள் பாத்திஹா ஓதிச் சாப்பாடு போடுவோம். விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். வரதன் போய் நாற்பது நாள்தான் ஆகிறது. அவர்களிலும் இப்படி ஏதோ இருக்கும் போலிருக்கிறது, சரியான நாளில்தான் வந்திருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டேன். வெற்றிலை பாக்கு, பழம், புடவை வைத்த தட்டுகள் கண்ணில் பட்டன. நான் ஜவுளிக்கடைக்காரன் மகன். அந்தப் புடவை முகூர்த்தப் பட்டு என்பதுகூட எனக்குத் தெரிந்தது. தெரிந்தும் புத்திக்கு எட்டவில்லை.

வாசற்படிக்குள் நின்று, “வரதனோட சிநேகிதன். பொன்னேரிலேர்ந்து வரேன்” என்றேன்.

வரதனின் தகப்பனார் எழுந்து வந்தார். “வாங்கோ, வாங்கோ. வரதன்தான் பம்பாயில இருக்கானே” என்று சிரித்தார். சொல்லும்போது கண்ணால் எனக்கு ஏதோ ஜாடை காட்டினார். பிள்ளையை இழந்த மனுஷன் புத்தி பேதலித்துப் பேசுகிறார் என்று எனக்குத் தோன்றியது. அடக்க முடியவில்லை. ரயிலில் மனப்பாடம் செய்ததை நின்ற இடத்திலேயே ஆரம்பித்துவிட்டேன்.

“வரதன் மறையவில்லை ஐயா. காசம் அவர் உடலைத்தான் தின்றது. அவர் பேனாவைத் தின்ன முடியவில்லை. தாம்பரத்து ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபோதும் எங்களை அவர் மறக்கவில்லை. இதோ, பொன்னேரியின் கண்ணீர்.” அஞ்சலி மலரை இரண்டு கையாலும் நீட்டினேன்.

அவர் வாங்கவில்லை. பாயில் உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர் எழுந்து வந்து வாங்கிக்கொண்டார். அட்டையைப் பார்த்தார். உள்ளே புரட்டினார். நாகப்பனின் எழுத்து மூட்டை எழுத்தாயிற்றே, அவருக்குக் கண்ணாடிகூட வேண்டியிருக்கவில்லை. கோதையை நிச்சயம் செய்ய வந்திருந்த மாப்பிள்ளையின் தகப்பனார் அவர்.

அதற்குள் உள்ளேயிருந்து வரதனின் தாயார் ஓடி வந்தார். “என் கொழந்தைக்கு என்ன? எப்போ?”

“மார்கழி நடுவுலம்மா” என்றேன்.

அந்த அம்மாள் ஒரு கணம் என்னைப் பார்த்தார். திரும்பி ஓடிப் பெருமாள் படத்துக்குப் பின்னாலிருந்து ஒரு தபால் கார்டை எடுத்து வந்தார். “முந்தாநாள் வந்தது. அவன் எழுத்து. தேதி பாருங்கோ. இருக்கான், என் கொழந்தை நன்னா இருக்கான்” என்று அங்கே இருந்த ஒவ்வொருவர் முகத்துக்கும் நேரே அதைக் காட்டினார்.

மாப்பிள்ளையின் தகப்பனார் மெதுவாகக் கையை நீட்டி அதை வாங்கினார். வரதன் உயிரோடு இருப்பதற்கு அந்த வீட்டில் இருந்த ஒரே சாட்சி அந்தக் கார்டு. அதன் தலைப்பில், வரதனின் அழகான எழுத்தில், ஆஸ்பத்திரியின் பெயரும் வார்டு எண்ணும் இருந்தன.

அவர் அதை இரண்டு முறை படித்தார். “பம்பாய்னு சொன்னேளே ஸ்வாமி” என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

அவர் கார்டைத் தட்டின் ஓரத்தில் வைத்தார். “ஆத்துல கலந்து பேசிண்டு லெட்டர் போடறோம்.” வந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு போனார்கள். லெட்டர் வரவேயில்லை.

பூமி பிளந்து என்னை விழுங்கியிருக்கலாம். அது பிளக்கவில்லை. உள் அறையின் வாசலில் தலை நிறையப் பூ வைத்த பெண் ஒருத்தி நின்றுகொண்டிருந்தாள். அவள் அழவில்லை. கூடத்துக்கு வந்து, பாயில் கிடந்த எங்கள் அஞ்சலி மலரை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

வரதனின் தகப்பனார் என் பக்கம் திரும்பி, “எங்கேர்ந்து வரேள்னு சொன்னேள்?” என்றார்.

“பொன்னேரி.”

“காலம்பர கெளம்பியிருப்பேள். சாப்ட்டுப் போங்கோ.”

ரேழியில் இலை போட்டார்கள். சம்பந்திகளுக்காகச் செய்த சமையல் எல்லாம் எனக்கு வந்தது. புளியோதரை, வடை, நெய் வழியும் அக்காரவடிசல். துக்கம் இருந்தது, உண்மை. ஆனால் காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்தான், இருபது வயசு. சாப்பிட்டேன். அக்காரவடிசலை நான் இரண்டாம் முறை கேட்டு வாங்கினேன் என்று வரதன் ஊரெல்லாம் சொல்வது பொய். அவர்களாகத்தான் போட்டார்கள். வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

என்ன நடந்தது என்பது பிறகுதான் தெரிந்தது. அந்த வியாழக்கிழமை விலா எலும்பில் ஆபரேஷன் செய்ய அவரை வேறு கட்டடத்துக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். அவசரத்தில் இதழ் கட்டிலுக்கு அடியில் தங்கிவிட்டது. புது ஊசி மருந்தும் வந்துவிட்ட காலம். ஆறே மாசத்தில் ஆள் எழுந்து நடமாடினார்.

பங்குனியில் அஞ்சலி மலர் தபாலில் திரும்பி வந்தது. கடைசிப் பக்கத்தில் வரதனின் அபிப்பிராயம்: ‘பதினான்கு பக்கக் கட்டுரையில் என் பெயர் ஒன்பது இடத்தில் வருகிறது. ஆசிரியர் தன்னைப் பற்றிச் சொல்லும் இடங்களை எண்ணத் தொடங்கி நாற்பதில் நிறுத்திவிட்டேன். செத்தது யார் என்று வாசகர் குழம்புவர்.’ முதல் பக்கத்தில், நாங்கள் அடித்துவிட மறந்திருந்த தன் பெயருக்கு நேரே கையெழுத்தும் போட்டிருந்தார். அதன் கீழே, எங்கள் வாசகர் வரிசையில் இல்லாத ஒரு பெயர், சின்ன எழுத்தில்: ‘கோதை. படித்தேன்.’

அதற்குப் பிறகு நாங்கள் ஒரு இதழும் போடவில்லை. நாகப்பன் பேனாவைத் தொட மாட்டேன் என்றுவிட்டான்.

கோதைக்கு அப்புறமும் வரன்கள் வந்தன. விசாரித்துவிட்டு நின்றுபோயின. கடைசியில் டீச்சர் டிரெயினிங் படித்து, கடம்பத்தூர்ப் பள்ளிக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தார். தினம் ரயிலில் போய் ரயிலில் வருவார். கல்யாணம் ஆகவில்லை. அண்ணன் பிள்ளைகளை அவர்தான் படிக்க வைத்தார்.

வரதனும் நானும் பிற்காலத்தில் பிரிக்க முடியாத சிநேகிதர்கள் ஆனோம். அவர் வீட்டு விசேஷம் ஒவ்வொன்றிலும் என் தலை தெரிந்ததும் யாராவது உள்ளே பார்த்து, “சலீம் பாய் துக்கத்துக்கு வந்திருக்கார், அக்காரவடிசல் எடுத்து வை” என்பார்கள். இப்போது பேரப்பிள்ளைகளும் அதைச் சொல்லக் கற்றுக்கொண்டுவிட்டார்கள். எங்கள் வீட்டிலும் யாராவது போய்விட்டார் என்று நான் சொன்னால் என் மனைவி, “நீங்க சொன்னா போதாது, வேற யாராச்சும் சொல்லட்டும்” என்பாள். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

வரதன் மகள் கல்யாணத்தில் ஒருமுறை இந்தக் கதை ஓடிக்கொண்டிருந்தபோது கோதையம்மாள் எழுந்து பின்கட்டுக்குப் போனதைக் கவனித்தேன். தலை நரைத்துவிட்டது அவருக்கு, எனக்கும்தான். பின்னாலேயே போய், இத்தனை வருஷமாகச் சொல்லாததைச் சொன்னேன். மன்னிச்சுடுங்கம்மா என்றேன். அந்த மாதிரி மாப்பிள்ளைக்கு வாழ்க்கைப்படாமல் தப்பித்தேன் என்று அவர் சொல்லுவார், நான் நிம்மதியாக வீட்டுக்குப் போகலாம் என்று உள்ளூர எதிர்பார்த்தேன்.

அவர் கையிலிருந்த காபித் தம்ளரைக் கீழே வைத்தார்.

“நீங்க வேணும்னு பண்ணலை. அது எனக்கு அன்னிக்கே தெரியும்” என்றார். பிறகு, “அவரை நான் ஒரே ஒரு தடவைதான் பார்த்தேன், ஜன்னல் வழியா. நல்லவராத்தான் இருந்திருப்பார்னு தோணித்து” என்றார்.

உள்ளே கூடத்தில் வரதன் அக்காரவடிசல் கட்டத்துக்கு வந்துவிட்டார் போலிருக்கிறது. எல்லோரும் சிரிக்கிற சத்தம் கேட்டது. கோதையம்மாள் தம்ளரை எடுத்துக்கொண்டு சமையற்கட்டுப் பக்கம் போனார்.